பதினாறு குளமும் ஒரு பங்குக் கிணறும்

என் கணவர் நமசிவாயத்தை யூகோஸ்லாவியாவுக்கு அனுப்பியது ஒரே ஓர் அலுவலுக்காக. அங்கே இருக்கும் எங்கள் மகன் சண்முகநாதனைக் கண்டு, "தை பிறக்க ஊருக்கு வந்து மாமாவின் மகளைக் கட்டுவாயா" என்று கேட்டு, "ஓம்" என்ற ஒரு சொல்லை வாங்கி வர வேண்டும். வேறு ஒன்றுமே வேண்டாம், ஒரு சட்டைத் துணிகூட வாங்கி வரவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். மனிதர் ஒரு மாதம் கழித்துப் பண்டத்தரிப்புக்குத் திரும்பி வந்தார். ஓமையும் கொண்டுவரவில்லை, இல்லையையும் கொண்டுவரவில்லை. பதினாறு குளங்களையும், தனக்கே கணக்குத் தெரியாத அளவு நீர்வீழ்ச்சிகளையும் கொண்டுவந்தார்.

அந்த ஓம் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்வதானால் எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஐயா தோட்டக் காணியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை என் அண்ணை தியாகராசாவுக்கும் மறு பாதியை எனக்குச் சீதனமாகவும் எழுதினார். காணியைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியுமா? ஆளுக்கு அரைப் பங்கு, ஒரு நாள் அண்ணை இறைப்பது, மறுநாள் நாங்கள் இறைப்பது என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். ஒரு நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார். என் அண்ணைக்கு நாள் விடியும்போது தொடங்கும். என் கணவருக்கு நடுச்சாமத்தில் தொடங்கும். இடையில் ஊறுகிற தண்ணீர் யாருடையது என்பதில்தான் இருவரும் என் வாழ்க்கையின் நல்ல பாகத்தைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

அண்ணைக்கு இருப்பது ஒரே மகள் கமலாவதி. எங்களுக்கு இருப்பது ஒரே மகன். இரண்டு பேரையும் சேர்த்துவிட்டால் இரண்டு அரைப் பங்கும் சேர்ந்து கிணறு முழுதாகிவிடும். தாய், என் மச்சாள், தவறிப்போனதிலிருந்து கமலாவதி பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் எனக்கு மருமகளாக வருவது, இந்தக் குசினியிலிருந்து அந்தக் குசினிக்கு ஒரு சட்டியை மாற்றி வைப்பதுபோல எளிதான காரியம் என்று நினைத்தேன். அண்ணையின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்கும் கொடுத்திருந்தேன்.

சண்முகம் புலமைப்பரிசில் கிடைத்து அந்த நாட்டுக்கு எஞ்சினியர் படிக்கப் போனவன். படிப்பு முடிந்தும் வராமல், ஒரு கடற்கரைப் பட்டணத்தில் கப்பல் கட்டும் இடத்தில் சேர்ந்துவிட்டான். கடிதத்தில் நான் கலியாணப் பேச்சை எடுத்தால் அவன் அந்த ஊர்க் காலநிலையைப் பற்றி எழுதுவான். தகப்பனுக்கும் மகனுக்கும் குணம் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடைசியில் அவனே தகப்பனுக்குப் பயணச்சீட்டு அனுப்பினான். என்னையும்தான் கூப்பிட்டான். நானும் போய்விட்டால் எங்கள் இறைப்பு முறை என்னாவது? ஒரு மாதம் முழுக்க அண்ணையே இறைத்துவிட்டு, அதுதான் வழமை என்று பிறகு சாதிப்பார்.

அது இந்திய ஆமி இருந்த காலம். ஊரில் எல்லோரும் பிள்ளைகளை வெளியே அனுப்ப ஓடித்திரிந்தார்கள். வெளியே இருக்கிறவனைக் கூப்பிட நான் ஆள் அனுப்புகிறேன் என்று என்னை விசரி என்றார்கள். வந்து தாலியைக் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு போகட்டுமே என்றுதான் நினைத்தேன். புறப்படும்போது, "ஒரு கோட்டுத் தைப்பிச்சுக் கொண்டு போங்கோ" என்று இவரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "சித்திரை மாசத்திலை ஆருக்குக் குளிரும்?" என்று சிரித்தார். உலகம் முழுவதும் சித்திரை சித்திரைதான் என்பது அவருடைய முடிவு.

திரும்பி வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன், தேத்தண்ணி கொடுத்தேன். பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டேன்.

"பொடியன் என்ன சொன்னவன்?"

"இஞ்சை பாரும் மீனா, ஒரு விசயம் சொல்லுறன். சாக்ரெப் எண்டொரு பட்டணம். அதிலை இருந்து பொடியன்ரை பட்டணத்துக்குப் போற வழியிலை, நடுவிலை ஒரு காடு. அரசாங்கம் காவல் போட்டு வைச்சிருக்கிற காடு. அதுக்குள்ளை பதினாறு குளம். ஒண்டுக்குக் கீழை ஒண்டு, படிக்கட்டு மாதிரி. மேல் குளம் நிரம்பி வழிஞ்சு அடுத்த குளத்துக்கை விழுது, அது நிரம்பி அடுத்ததுக்கை விழுது. குளத்துக்கு மேலாலை பலகை அடிச்சு வைச்சிருக்கினம், நடந்து பாக்கலாம்."

"நான் பொடியனைக் கேட்டனான்."

"அவன்தான் கூட்டிக்கொண்டு போனவன்."

இதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. சோறு போடும்போது கேட்டால், அந்தத் தண்ணீர் ஒரு குளத்தில் பச்சை, மறு குளத்தில் நீலம் என்பார். வெற்றிலை மடித்துக் கொடுத்துக் கேட்டால், அருவிக்குப் பின்னால் ஒரு குகை இருக்கிறது என்பார். கத்திக் கேட்டால், கிணற்றடியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று எழும்பிப் போய்விடுவார்.

படங்கள் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றிலும் இவர் நிற்கிறார், பின்னால் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் விழுகிறது. சிலவற்றில் பக்கத்தில் சண்முகமும் ஒரு தடித்த கறுப்புக் கோட்டோடு நிற்கிறான். இவர் போட்டிருந்தது கத்தரிப்பூ நிறத்தில் இடுப்புப் பட்டி வைத்த ஒரு நீளக் கோட்டு. ஆனால் ஒரு படமும் ஒழுங்கில்லை, எல்லாம் ஆடிக் கிடந்தன. என் மகனுக்கு இரண்டு மூக்கு.

"ஏன் எல்லாம் ஆடியிருக்கு?"

"அருவி விழுற விசை. நிண்ட பலகையே அதிருது. கமெரா பாவம், அது என்ன செய்யும்?"

"உதென்ன கோட்டு?"

"அங்கத்தைக் கோட்டு" என்று சொல்லிவிட்டுப் படங்களை உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த உறை ஊர்வலம் போகத் தொடங்கியது. சங்கக் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை முழுக்கப் பார்த்தது. சலூன்காரர் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார். சந்தியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் ஒருவன் மட்டும்தான் இவருடைய வாயை அடைத்தான். அவன் தென்காசிப் பக்கத்துத் தமிழ்ப் பையன். அவன் பையைத் திறந்து காட்டச் சொன்னால் இவர் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதுல குளிக்கலாமா பெரியவரே?" என்று கேட்டிருக்கிறான். பலகையை விட்டு இறங்கவே விடமாட்டார்கள் என்று இவர் சொல்ல, "தலைய நீட்டிக் குளிக்க முடியாட்டி அது என்னங்க அருவி? எங்க குற்றாலத்துக்கு வாங்க" என்று பையைத் திருப்பிக் கொடுத்தானாம். அன்றைக்கு மத்தியானம் இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்தான் உண்மையில் சாப்பிடாமல் இருந்தேன். அண்ணைக்கு என்ன மறுமொழி சொல்வது? ஒழுங்கையில் அவருடைய சைக்கிள் மணி கேட்டாலே நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதத் தொடங்கினேன். ஒரு நாள் அவரே, வெள்ளை வேட்டி கட்டி, சம்பந்தம் பேசுகிற தோரணையில் வந்து கதிரையில் இருந்தார். இவர் உறையை எடுத்தார்.

அண்ணை படங்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எத்தினை பங்கு?"

"என்ன, மச்சான்?"

"பதினாறு குளத்துக்கும் எத்தினை பங்குகாரர் எண்டு கேக்கிறன்."

"பங்கு கிங்கு ஒண்டுமில்லை. அரசாங்கத்தின்ரை."

"அரசாங்கம் இறைக்குதோ?"

"ஒருத்தரும் இறைக்கிறேல்லை."

"அப்ப தண்ணி?"

"விழுது. விழுந்து கீழை போகுது. பேந்து ஆத்துக்குப் போய்க் கடலுக்குப் போகுது."

"உப்புத் தண்ணியாக்கும்."

"சீச்சீ. கற்கண்டு மாதிரித் தண்ணி. நான் கையிலை அள்ளிக் குடிச்சுப் பாத்தனான்."

அண்ணையின் முகம் செத்த வீட்டுக்கு வந்தவருடைய முகம் ஆகிவிட்டது. "அவ்வளவு நல்ல தண்ணியும் கடலுக்குப் போகுது. நீர் அதைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்" என்றார். எங்கள் இருவர் காணியிலும் வைகாசி வெயிலுக்கு வெங்காயத் தாள் நுனி கருகிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கும் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை ஒளிப்பானேன். இறைக்காத தண்ணீரைப் பார்ப்பதற்கு ஒரு நாடு சீட்டு விற்கிறது என்றால் அந்த நாட்டு ஆட்களுக்கு வேறு வேலை இல்லையா?

"சரி, மேல் குளத்துக்காரன் மறிச்சுப் போட்டானெண்டால் கீழ்க் குளத்துக்காரன் என்ன செய்வான்?" என்று அண்ணை விடவில்லை.

"ஒருத்தரும் மறிக்கிறேல்லை, மச்சான். தன்ரை நிரம்பினவுடனை மற்றவனுக்கு விடுது. அந்தக் குளத்துக்கு இருக்கிற குணம் சில மனிசருக்கு இல்லை."

"ஆரைச் சொல்லுறீர்?"

"குளத்தைச் சொல்லுறன்."

அவ்வளவுதான். அண்ணை முற்றத்தில் இறங்கி, ஈர்க்குக் குச்சியால் மண்ணில் பதினாறு வட்டம் போட்டார். கீழ்க் குளத்துக்காரனுக்கு இரவு வழிகிற தண்ணீரில் உரிமை உண்டு என்று அவர் வாதாடினார். இரவுத் தண்ணீர் அடுத்த நாள் முறைகாரனுக்குத்தான் சேரும் என்று இவர் ஏழாம் வட்டத்தைக் காலால் அழித்தார். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவருக்கும் சொந்தமில்லாத தண்ணீருக்காக இரண்டு மனிதர்கள் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்கள். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. வாசல் படலைக்குப் போன பிறகுதான் அண்ணைக்கு வந்த காரியம் நினைவு வந்தது.

"மருமோன் எப்ப வாறானாம்?"

"ஐயோ, அந்தக் கடைசிக் குளத்தைப் பற்றிச் சொல்ல மறந்திட்டன், மச்சான்" என்றார் இவர்.

அன்று பின்னேரம் கமலாவதி வந்தாள். மாதர் சங்கத்தில் தையல் பழக்குகிறவள். துணி எதைக் கண்டாலும் முதலில் உள்மடிப்பைப் பார்ப்பாள். குசினி வாசலில் இருந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள், ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமி, மாமா போட்டிருக்கிறது பொம்பிளைக் கோட்டு."

"விசர்க்கதை கதையாதை."

"கோட்டுப் பூட்டுற தெறி இடப்பக்கம் இருக்கு, பாருங்கோ. ஆம்பிளையளுக்கு வலப்பக்கம் வைச்சுத் தைக்கிறது. நெஞ்சுக்கும் மடிப்புப் பிடிச்சிருக்கு. மாமாவுக்கு எதுக்கு நெஞ்சுக்கு மடிப்பு?"

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். ஆடிய படத்திலும் அந்தப் பெரிய பொத்தான்கள் தெளிவாகத் தெரிந்தன. எல்லாம் இடப்பக்கம்தான். இவருடைய கை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே கோட்டை விட்டு வெளியே நீண்டிருந்தது. யாரோ இவரிலும் சின்ன ஆளுடைய கோட்டு. எனக்கு இன்னொன்றும் உறைத்தது. தகப்பனும் மகனும் சேர்ந்து நிற்கிறார்கள் என்றால் படத்தை எடுத்தது யார்?

கமலாவதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பிள்ளை..." என்று தொடங்கினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எனக்கொரு கவலையுமில்லை, மாமி. சண்முகம் அத்தானை நான் கடைசியாக் கண்டது பள்ளிக்கூடச் சட்டையோடை. ஐயா என்னையோ கட்டிக்குடுக்கப் பாத்தவர்? கிணத்தையெல்லோ கட்டிக்குடுக்கப் பாத்தவர்."

மறுநாள் எங்கள் முறை. இவர் தோட்டத்தில் இறைப்பு மிசினை ஓடவிட்டு, மண்வெட்டியோடு வாய்க்கால் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் மிசினை நிறுத்தினேன். படத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"ஆரின்ரை கோட்டு?"

அவர் வாய் திறந்தார். குளம் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"குளம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்களோ, இந்தக் கிணத்துக்கை குதிப்பன்."

மனிதர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பாவம், வியர்த்து வழிந்தது. "பேர் யெலேனா" என்றார். "பொடியனோடை படிச்சவள். நல்ல பிள்ளை, மீனா. ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது, எனக்கு அவளின்ரை பாசை தெரியாது. ஆனால் நாள் முழுக்க என்னோடை கதைச்சுக்கொண்டு வந்தவள்."

"கலியாண எழுத்து முடிஞ்சுதோ?"

"இல்லை. நீர் ஓம் எண்டால்தானாம். அம்மாவிட்டை ஒரு ஓம் வாங்கி அனுப்புங்கோ, அதுவரைக்கும் எழுதமாட்டம் எண்டு சொல்லி அனுப்பினவங்கள். எனக்கு உம்மடை முகத்தைப் பாத்தால் நாக்கு எழும்புதில்லை."

ஓர் ஓம் வாங்கிவர நான் அனுப்பிய மனிதர், என்னிடம் ஓர் ஓம் வாங்க வந்து, வழி தெரியாமல் ஒரு மாதமாகக் குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது. பெற்ற பிள்ளைக்கு என்னிடம் நேரே சொல்லத் துணிவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. அண்ணைக்குக் கொடுத்த வாக்கை நினைக்க உடம்பு கூசியது. அந்தப் பெட்டையை நாலு வார்த்தை நல்லாகத் திட்டிவிட வேண்டும் என்றுதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"உங்களுக்கு ஏன் அவள் கோட்டுத் தந்தவள்?"

"அங்கை இன்னும் பனி கரையேல்லை. ஓரமெல்லாம் வெள்ளையாக் கிடக்கு. நான் இந்தச் சட்டையோடை போய் நிண்டு பல்லுக் கிடுகிடுக்குது. பொடியன் தன்ரையைக் கழட்ட முன்னம் அவள் கழட்டி என்ரை தோளிலை போட்டிட்டாள். வேண்டாம் எண்டு எந்தப் பாசையிலை சொல்லுறது?"

"அப்ப அவள் என்ன போட்டுக்கொண்டு நிண்டவள்?"

"ஒரு மெல்லிய சட்டைதான். வா போவம் எண்டாலும் கேக்கேல்லை. மாமிக்குக் காட்ட வேணும் எண்டு பொடியனைக் கொண்டு சொல்லுவிச்சு, ஒவ்வொரு அருவிக்கும் என்னை நிப்பாட்டி நிப்பாட்டிப் படம் எடுத்தவள்." என் கையிலிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். "அருவி ஒண்டும் கமெராவை ஆட்டேல்லை, மீனா. அந்தப் பிள்ளையின்ரை கை குளிரிலை நடுங்கினது."

நான் கிணற்றுக் கட்டின் மேல் இருந்துவிட்டேன். நான் திட்டச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கொண்டுவந்த உறையைத் திறந்து கட்டின் மேல் பரப்பிய படங்களில் இவர் ஆடிக்கொண்டு நின்றார், மகன் ஆடிக்கொண்டு நின்றான், அருவிகள் எல்லாம் ஆடிக்கொண்டு விழுந்தன.

எங்கள் முறை நாளில் மிசின் நின்றால் அண்ணையின் காதுக்கு அது கோயில் மணி. மிச்ச நேரத்தைத் தன் கணக்கில் சேர்த்துவிடலாம் என்று வரம்பால் வேகமாக வந்தார். பின்னால் கமலாவதி.

"என்ன, இறைச்சு முடிஞ்சுதோ?" என்றவர் படங்களைக் கண்டார். "மருமோன் என்ன சொன்னவன்? இண்டைக்காவது சொல்லுங்கோவன்."

"மச்சான், அங்கை பதினாறு..." என்று இவர் தொடங்கினார்.

"அண்ணை" என்று நான் குறுக்கே விழுந்தேன். "பொடியன் அங்கை ஒரு பிள்ளையைப் பாத்திட்டான். உங்களுக்குத் தந்த வாக்கை என்னாலை காப்பாத்த முடியேல்லை. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அண்ணை வெயிலில் அப்படியே நின்றார். என்னை அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். கடைசியில் வாய் திறந்தார்.

"அப்ப கிணறு?"

"பாத்தியளோ, மாமி?" என்றாள் கமலாவதி. "நான் சொன்னன்தானே."

அண்ணை மகளைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்லச் சிறுத்தது. "நான் உன்னைத்தான் கேக்க வந்தனான்... வாய் தவறீட்டுது" என்று முணுமுணுத்தபடி கிணற்றுக் கட்டில், எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான்கு பேரும் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். இறைத்த கிணற்றில் தண்ணீர் திரும்ப ஊறிக்கொண்டிருந்தது. அது யாருடைய தண்ணீர் என்று அன்றைக்கு இரண்டு பேரும் கேட்கவில்லை.

"அப்ப பொடியனுக்கு என்ன எழுத?" என்று இவர்தான் பயந்து பயந்து கேட்டார்.

"ஓம் எண்டு எழுதுங்கோ" என்றேன். "ரண்டு கோட்டு வாங்கி வைக்கச் சொல்லியும் எழுதுங்கோ."

"ரண்டோ? ஒண்டு எனக்கெண்டால், மற்றது?"

"உங்களுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் இஞ்சை நிண்டு முறை பாருங்கோ. ஒண்டு அந்தப் பிள்ளைக்கு. மற்றது நான் போகேக்கை எனக்கு. என்னைக் கண்டவுடனை அவள் தன்ரையைக் கழட்டித் தந்திட்டு, திரும்பவும் நடுங்கிக்கொண்டு நிக்கக்கூடாது."